ஒரு சுற்று போடு, தம்பி!

காலை ஆறரை மணி. ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ் ஒன்று நின்று, நைட் ஷிப்ட் முடித்தவர்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. நீ இறங்குகிறாய். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. சட்டைக் கையில் கூலன்ட் எண்ணெய் நாற்றம். ஒரு டீ, ஒரு பன். கையில் போன். அதில் உன் வயசுப் பையன் ஒருவன் எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் காரில் சாய்ந்து நிற்கிறான். அவனைப் பார்த்துப் பார்த்து டீயை ஆறவிடுகிறாய். அப்புறம் ரூம். ஆறு பேர் படுக்கிற ரூமில் உனக்கென்று ஒரு பாய். எழுந்தால் மறுபடி ஷிப்ட்.

நில், தம்பி. ரூமுக்குப் போகிற வழியை இன்றைக்கு மட்டும் மாற்று. ராமநாயக்கன் ஏரி இதே ஊருக்குள்தான் இருக்கிறது. கரையில் ஏறு. தண்ணீரை வலது கைப் பக்கம் வைத்துக்கொள். அந்தக் கை மாறாமல் நட. கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பாய். அதுதான் ஒரு சுற்று. அவ்வளவுதான் உன்னிடம் கேட்கிறேன்.

சிரிக்கிறாயா? 'ஏரியைச் சுற்றினால் சம்பளம் ஏறுமா?' என்கிறாயா? ஏறாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த கூலிக்கும், பர்மனென்ட் ஆகாத வேலைக்கும், கையில் வராத ஓ.டி. பணத்துக்கும் மருந்து நடைப்பயிற்சி இல்லை. அதற்குச் சங்கம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று 'எனக்கு ஒரு கேள்வி இருக்கு' என்று கேட்க ஒரு முதுகெலும்பு வேண்டுமே! அது எங்கே கிடைக்கும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொரப்பள்ளி என்ற சின்ன ஊரில் பிறந்த ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார், நீயும் ஆகலாம் என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பாய். தொரப்பள்ளி ஓசூரிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்தவனிடம் போய் கவர்னர் ஜெனரல் கதை சொல்வது வெந்த புண்ணில் வேல். எனக்குத் தெரிந்தது ஒரு பெரியவரும் சில புளியங்கொட்டைகளும்தான்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து நானும் உன்னைப் போலத்தான் இந்த ஊருக்கு வந்தேன். ஒரு பட்டறையில் காண்ட்ராக்ட் வேலை. இரண்டு வருஷம் ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை. ஒரு நாள் காலை கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். 'ஆர்டர் இல்லப்பா, அப்புறம் கூப்பிடுவாங்க' என்றார் கேட்டில் இருந்தவர். அவரும் காண்ட்ராக்ட்தான், பாவம். சாப்பாட்டு டப்பா கையில் சூடாக இருந்தது. ரூமுக்குப் போக வெட்கம். வீட்டுக்குப் போன் போட அதைவிட வெட்கம். கால் போன போக்கில் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். பக்கவாதம் வந்து போன உடம்பு. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒரு துணிப்பட்டையால் காலோடு கட்டியிருக்கிறார். என்னைத் தாண்டிப் போனார். ரொம்ப நேரம் கழித்து மறுபடியும் வந்தார். வந்தவர் நின்று, சட்டையின் வலது பாக்கெட்டில் கையை விட்டு, ஒரு புளியங்கொட்டையை எடுத்து, இடது பாக்கெட்டுக்கு மாற்றினார். அதை எடுக்க அவர் விரல்கள் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. கொட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் உதவி செய்ய எழுந்தேன்.

"உக்காரு தம்பி" என்றார். "இதை நான்தான் மாத்தணும்."

"என்னங்கய்யா அது?"

"கணக்கு. ஒரு சுத்துக்கு ஒண்ணு. நாலு மாசம் முன்னாடி ஒரு கொட்டைகூட மாத்த முடியலை. பாதிக் கரையிலேயே பையன் வந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவான். இப்ப ரெண்டு."

"யாருக்குங்கய்யா இந்தக் கணக்கு? டாக்டருக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டப்பா, சீருடை, வேலை நேரத்தில் கரையில் உட்கார்ந்திருக்கிற கோலம் எல்லாம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நேத்து ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், நாளைக்கு ரெண்டு சுத்துன்னு. சொன்னவன் நான், கேட்டவனும் நான். ஏமாத்தினா யாரு கண்டுபிடிப்பா? அதான் கொட்டை." பாக்கெட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, "டப்பாவைத் தின்னுட்டு எந்திரி. ஒரு சுத்து எங்கூட வா. நான் மெதுவாத்தான் போவேன், உனக்குக் கஷ்டம் இருக்காது" என்றார்.

அவர் சொன்னது தப்பு. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவ்வளவு மெதுவாக நடக்க எனக்குத் தெரியவில்லை!

தம்பி, இங்கேதான் கவனி. உன் கம்பெனியில் விரல் ரேகை வைத்து உள்ளே போகிறாய். ஒரு நிமிஷம் தாமதம் என்றாலும் இயந்திரம் குறித்துக்கொள்கிறது. கம்பெனிக்கு நீ கொடுத்த வாக்குக்கு அத்தனை காவல். உனக்கு நீ கொடுத்த வாக்குக்கு? 'நாளையிலிருந்து இங்கிலீஷ் படிப்பேன்', 'பொங்கலிலிருந்து சிகரெட்டை விடுவேன்', 'இந்த வருஷம் டிப்ளமோ சேருவேன்' என்று உனக்கு நீயே எத்தனை சொல்லியிருக்கிறாய்? எத்தனை நின்றது? ஊரில் ஒருவன் பத்து முறை கடன் வாங்கிப் பத்து முறையும் திருப்பித் தரவில்லை என்றால் பதினோராவது முறை நம்புவாயா? அப்படியிருக்க உன்னை நீ எப்படி நம்புவாய்? தன்னம்பிக்கை இல்லை என்று புலம்புகிறாயே, அது இல்லாமல் போனதற்குக் காரணம் உன் மேனேஜர் இல்லை. உன் மாமா இல்லை. உன்னிடமே நீ வாங்கிய கடன்! அதைப் பெரிய தொகையாக அடைக்கப் பார்க்காதே. சில்லறையாக அடை. ஒரு சுற்று. ஒரு கொட்டை.

இப்போது கரையைப் பார். நம் ஆட்கள் ஏரி வெட்டிய விதத்தை யோசித்திருக்கிறாயா? நாலு பக்கமும் சுவர் எழுப்பினால் அது தொட்டி. ஏரிக்குப் பள்ளமான பக்கத்தில்தான் கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். எங்கேயோ பெய்த மழை வரத்துக் கால்வாய் வழியாக அந்தத் திறந்த பக்கத்தில்தான் உள்ளே வர வேண்டும். நான்கு பக்கமும் கட்டிவிட்டால் ஒரு சொட்டு வராது. கரையில் ஒரு மதகு இருக்கும். வயலுக்கு வேண்டும்போது திறப்பார்கள். ஓரத்தில் கலங்கல் இருக்கும். அளவுக்கு மேல் நிறைந்தால் தண்ணீர் தானே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கலை அடைத்துப் பார், அந்த வருஷமே கரை உடையும்.

'எனக்கு எல்லாம் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம்' என்று நாலு பக்கமும் சுவர் வைத்துக்கொண்டு திரிகிறானே உன் லைனில் ஒருவன், அவனைத் தன்னம்பிக்கைக்காரன் என்று நினைக்காதே. அவன் தொட்டி. காய்ந்த தொட்டி. உன் பக்கத்து மெஷின்காரர் இருபது வருஷ அனுபவத்தில் சொல்வதைக் கேட்க ஒரு பக்கம் திறந்து வை. எதைத் தாங்க வேண்டுமோ அந்தப் பக்கம் கரையைக் கெட்டிப்படுத்து. மனசு முட்ட நிறைகிறபோது அழவோ பேசவோ ஒரு கலங்கல் வை. நண்பன் தோளில் சாய்ந்து அழுதால் கரை உடையாது. அழாமல் இருந்தால்தான் உடையும். ராத்திரி தனியாகக் குடித்துக் கரையை உடைத்துக்கொண்ட பையன்களை இந்த ஊரில் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சுற்றில் பாதி வழி சுகமாக இருக்கும். கரை உயரம், காற்று, ஒரே நேர்கோடு. மறுபாதிதான் ஆளைச் சோதிக்கும். கரை முடிந்து தெருவும் ரோடும் வரும். வண்டிச் சத்தம், குப்பை, எவனோ ஊற்றிவிட்டுப் போன கழிவின் நாற்றம். 'பார்த்தது போதும், திரும்பிவிடலாம்' என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் கரையில் மட்டும் நடந்து, கரை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். பெரியவர் திரும்பமாட்டார். "கரையில நடக்கிறதுக்கு நான் எதுக்கு? காத்தே தள்ளிக்கிட்டுப் போயிடும்" என்பார். நாற்றமடிக்கிற பாதியை நடந்தால்தான் அவர் கணக்கில் கொட்டை மாறும்.

நடுத்தண்ணீரில் ஒரு முக்குளிப்பான் இருக்கும், பார். கோழிக்குஞ்சு அளவுதான். பக்கத்தில் நீர்க்காகம் கரேலென்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். இது அதைக் கண்டுகொள்ளாது. டுபுக்கென்று மூழ்கும். எண்ண ஆரம்பி. பத்து, பதினைந்து என்று போகும். போய்விட்டது என்று நினைப்பாய். நீ பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தை விட்டு எங்கேயோ தள்ளி, வாயில் மீனோடு தலையை நீட்டும். மூழ்கிய இடத்திலேயே எழ வேண்டும் என்று அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. வேலை போனவன் அதே கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்று எனக்குச் சொல்லாமல் சொன்னது அந்தக் குருவிதான். நான் பிறகு எழுந்தது வேறு இடத்தில்.

இன்னொன்று சொல்கிறேன், இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நேர் ரோட்டில் நடந்தால் முன்னால் போகிறவன் முன்னால்தான், பின்னால் வருகிறவன் பின்னால்தான். ஏரிச் சுற்றில்? உனக்கு முன்னால் வேகமாகப் போகிற ஆள் உன்னைவிட ஒரு சுற்று குறைவாக இருக்கலாம். உனக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டு வருகிற பெரியவர் உன்னைவிட இரண்டு சுற்று கூடுதலாக இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது! வட்டத்தில் முந்தி என்பதும் பிந்தி என்பதும் கிடையாது. உன் பாக்கெட்டில் எத்தனை கொட்டை என்பது உனக்கு மட்டுமே தெரியும். உன்னோடு படித்தவன் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறான், இன்னொருவன் வீடு கட்டிவிட்டான் என்று புழுங்குகிறாயே, அவன் எந்தச் சுற்றில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா? அவன் இ.எம்.ஐ.யை நீ கட்டுகிறாயா? போன் திரையில் கார் மேல் சாய்ந்து நிற்கிறானே, அந்தக் கார் அவனுடையதுதானா?

நம் ஆட்களுக்குச் சுற்றுவது புதிதல்ல. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். பிள்ளையாரை 108 சுற்று சுற்றாத அம்மா உண்டா? வலம் வருவது என்று அதற்கு அழகான பெயர் வைத்தோம். வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடப்பது வலம். சாமியை நம்புகிறவன் சாமியைச் சுற்றட்டும், நம்பாதவன் தண்ணீரைச் சுற்றட்டும். கால் இரண்டுக்கும் ஒன்றுதான்.

உடம்புக் கணக்கும் கேள். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். அவருக்கு ஒரு சந்தேகம். அந்த ஊர் மாடி பஸ்ஸில் ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். ஒரே சம்பள வர்க்கம், ஒரே தெருக்கள், ஒரே புகை. ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், வேலை நாள் ஒன்றுக்கு ஐந்நூறிலிருந்து எழுநூற்றைம்பது படி வரை. ஆயிரக்கணக்கான போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கை எடுத்து 1953-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிழைத்தவர்கள் அதிகம். உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை எண்ணிக்கையில் காட்டிய முன்னோடி ஆய்வு அது. ஜிம் இல்லை, டிராக் சூட் இல்லை, கையில் மின்னுகிற வாட்ச் இல்லை. பஸ்ஸில் படி ஏறிய கூலிக்காரர்கள்!

இந்த மோரிஸிடம் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வேலை. தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டார். சீருடை தைக்கிற அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். வேலையில் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பு அளவு பெரிதாக இருந்தது தெரிந்தது. அதையும் மறைக்காமல் 1956-ல் எழுதினார். பிற்பாடு வந்த எத்தனையோ ஆய்வுகள் நடப்பது நல்லது என்பதை உறுதி செய்தன, அது வேறு. ஆனால் தன் கண்டுபிடிப்பையே கால்சட்டை அளவை வைத்துச் சோதித்த அந்த நெஞ்சுக்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. மனிதர் தொண்ணூற்றொன்பது வயது வரை இருந்தார்.

நம்மூர் அரசு பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் இனி அந்தக் கண்ணோடு பார். உன் பிளான்ட்டில் பேனல் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறவனையும் பார். அசெம்பிளி லைனில் நிற்கிறவன் 'நான்தான் நாள் முழுக்க நிற்கிறேனே' என்பான். நிற்பது வேறு, நடப்பது வேறு. நின்றால் ரத்தம் காலில் தேங்கும். நடந்தால் கெண்டைக்கால் சதை பிழிந்து அதை மேலே தள்ளும்.

'தினமும் பத்தாயிரம் அடி நடக்கணுமாமே, நேரம் எங்கே?' என்கிறாயா? அந்தப் பத்தாயிரம் மருத்துவர் எழுதிக் கொடுத்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி விற்றது. அதன் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். கேட்க நன்றாக இருக்கிறதே என்று வைத்தது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு, வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கும் மேல் கருவி கட்டிப் பார்த்தது. நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. யாரோ விற்பனைக்கு வைத்த எண்ணைத் தொட முடியவில்லை என்று தன்னைத் தோல்விக்காரன் என்று நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை கோடி! உன் ஏரி ஒரு சுற்று எத்தனை அடி என்று என்னைக் கேட்காதே. நீயே எண்ணு. உன் கால் உன் அளவு.

இந்த ஊர் மண்ணுக்குச் சின்னதன் அருமை தெரியும். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. வெறும் ஐம்பது சி.சி. இருவர் உட்காரும் மொபெட் இந்தியாவுக்கு அதுதான் முதல். மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறும். ஏறும்! இரண்டு பால் கேன், முன்னால் ஒரு புல்லுக்கட்டு, பின்னால் பெண்டாட்டி, நடுவில் பிள்ளை என்று தமிழ்நாட்டின் பாதி வாழ்க்கையை இழுத்தது அந்த ஐம்பது சி.சி.தான். 'எனக்கு ஐந்நூறு சி.சி. இருந்தால் ஜெயிப்பேன்' என்று அது காத்திருக்கவில்லை. பிறகு டைட்டன் வந்தது. எண்பதுகளில் பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளைப் பழக்கி, மயிரிழை அளவில் வேலை கேட்கிற கைக்கடிகாரத்தைச் செய்ய வைத்தார்கள். முன்அனுபவம் இல்லாத விரல்கள்! உன் அப்பாவையும் உன் பக்கத்து வீட்டு அண்ணனையும் போன்றவர்களின் கற்றுக்கொண்ட கை அது. உன் கைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

'நான் வெளியூர்க்காரன் அண்ணா, இங்கே எனக்கென்று யாரும் இல்லை' என்று ஒரு தம்பி என்னிடம் அழுதான். ஓசூர் என்றால் என்ன தெரியுமா? கன்னடத்தில் 'ஹொச ஊரு', புது ஊர். பெயரிலேயே புதுசு. டீக்கடையில் தெலுங்கில் சொல்லி, கன்னடத்தில் பாக்கி வாங்கி, தமிழில் திட்டிக்கொள்கிற ஊர் இது. இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டன. அத்திப்பள்ளி வந்தாலே வேறு மாநிலம். இங்கே எல்லோரும் ஒரு நாள் பெட்டியோடு இறங்கியவர்கள்தான். சிலர் உனக்கு முந்தைய பஸ்ஸில் வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பார். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, கொடியாளம் வழியாக இங்கே வருகிறது. மதகைத் திறக்கும்போது பல நாள் வெள்ளை வெளேரென்று நுரை எழும்பும். பனி என்று நினைத்து அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். சோப்பும் சாக்கடையும் கலந்த தண்ணீர் வேகமாக விழுந்தால் வருகிற நுரை அது. தேங்கிக் கிடக்கிற வரைக்கும் தெரியாது, விழும்போதுதான் தெரியும். தண்ணீரின் குற்றமா அது? மேலே எவனோ கலந்தான். அதை மனுவாலும் வழக்காலும்தான் தடுக்க வேண்டும், தத்துவம் பேசி ஆற்றைச் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் உனக்குள்ளும் அப்படிச் சில பேர் கலந்துவிட்டிருக்கிறார்கள். 'இவன் எதுக்கும் லாயக்கில்லை' என்று ஆறாம் வகுப்பில் ஒருவர் சொன்னது. 'உங்க சாதிக்கு இது போதும்' என்று இன்னொருவர் சொன்னது. சும்மா இருக்கும்போது அடியில் படிந்து கிடக்கும். இன்டர்வியூவில் விழுந்தாய், நுரை பொங்குகிறது. அந்த நுரையைப் பார்த்து 'நானே அழுக்கு' என்று முடிவு கட்டாதே! நீ ஆறு. அழுக்கு ஊற்றப்பட்டது.

தங்கச்சி, உன்னை மறக்கவில்லை. செல்போன் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கு ஊர் ஊராக வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறீர்கள். 'நாங்க எங்கண்ணா நடக்கிறது, ஏழு மணிக்கு கேட்டைச் சாத்திடுவாங்க, தனியா போனா கமென்ட் அடிக்கிறானுங்க' என்பாய். நியாயம். கமென்ட் அடிக்கிறவனுக்கு நான் உபதேசம் எழுதப் போவதில்லை, அவன் இதைப் படிக்க மாட்டான். நான்கு பேராகப் போ. வாரத்தில் ஒரு லீவு நாள் காலையில் போதும். சேர்ந்து நடக்கிற நான்கு பெண்களைப் பார்த்துக் கமென்ட் அடிக்கிற ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை, அப்படிப் பிறந்திருந்தாலும் நான்கு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தால் அவன் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஹாஸ்டல் மொட்டை மாடியும் வட்டம்தான். அங்கே தண்ணீர் டேங்கை வலது கைப் பக்கம் வைத்துக்கொள்.

ஏரி இல்லாத பகுதியா? கிருஷ்ணகிரிப் பக்கம் கே.ஆர்.பி. அணைப் பூங்கா இருக்கிறது. போச்சம்பள்ளியில் வேலை என்றால் பாரூர் ஏரி. எந்தக் கிராமத்திலும் ஒரு குளமாவது இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கண்டிப்பாகக் கேள். தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று சானமாவு காட்டுப் பக்கம் விடியற்காலையில் நடக்கப் போகாதே. ராகி முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் சானமாவு வரை வரும். அவை தங்கள் பாட்டன் காலத்து வழியில் போகின்றன. கம்பெனியும் லேஅவுட்டும்தான் நடுவில் முளைத்தன. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. யானைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதற்குத் தைரியம் என்று பெயர் இல்லை.

செருப்பு விஷயம் ஒன்று. சேஃப்டி ஷூவோடு நடக்காதே. முன்னால் இரும்பு வைத்த ஷூ அது, பாதத்தைப் புண்ணாக்கும். பையில் ஒரு ஜோடி சாதாரணச் செருப்பு வைத்துக்கொள். நைட் ஷிப்ட் முடித்த காலையில் ஒரே சுற்று, அதுவும் மெதுவாக. பிறகு போய்த் தூங்கு. தூக்கத்தைத் திருடி நடப்பது நடையே இல்லை.

பெரியவரோடு நான் நடந்த அந்த முதல் சுற்றின் முடிவில் அவர் எனக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார். மறுநாள் வந்தேன். அதற்கு மறுநாளும். ஒன்பதாவது நாள் ஒரு பட்டறைக்கு நேரில் போய், 'எனக்கு லேத்தும் மில்லிங்கும் தெரியும், ஒரு வாரம் பாருங்கள், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுங்கள்' என்று சொன்னேன். அதற்கு முன்னால் என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. சொல்லும்போது பாக்கெட்டில் கொட்டைகளை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன். எட்டுக் கொட்டை. எட்டு நாள் எனக்கு நான் சொன்ன சொல் தவறவில்லை என்பதற்கு எட்டு சாட்சி. அந்த முதலாளி என் கண்ணைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. வேலை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் பத்தாவது நாள் இன்னொரு பட்டறைக்குப் போயிருப்பேன், அது எனக்கே தெரிந்தது.

வேலை கிடைத்ததும் நடை குறைந்தது, பொய் சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் கரைக்கு வர முடிந்தது. வரும்போதெல்லாம் அவர் இருப்பார். இரண்டு கொட்டை மூன்றாயிற்று. காலில் கட்டியிருந்த துணிப்பட்டை ஒரு நாள் காணாமல் போயிருந்தது.

கடைசியாகப் பார்த்தபோது கரையின் கோடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் கையை விடவில்லை.

"என்னங்கய்யா, கொட்டையை மாத்தலையா?"

"கொட்டை எங்க இருக்கு?" சிரித்தார். "பேத்தி பல்லாங்குழி ஆட மொத்தத்தையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா."

"அப்ப இது எத்தனாவது சுத்து?"

"யாருக்குத் தெரியும்?" என்றவர், நடக்க ஆரம்பித்துவிட்டார்.